அரை வயிற்றுக்காரியின் உபவாசம்

அண்ணி,

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயில் பின்பக்கம் நொய்க்கஞ்சி கொதித்தது. வெந்தயமும் பூண்டும் வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து, முழங்கால் போட்டிருந்த என் மூக்கில் நேராக ஏறியது. வயிறு கடமுடவென்று சத்தம் போட்டதில் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும். உபவாசம் இருக்கிற வயிறு சத்தம் போடாமல் பாட்டா பாடும்?

ஜெபம் முடிந்ததும் புதிதாக வந்திருக்கிற பாதிரி ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. வயதான காலத்தில் உடம்பை இப்படி வாட்ட வேண்டாம், கர்த்தர் மனசைத்தான் பார்க்கிறார், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாலே போதும் என்றார். ஐயர்மார் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் அண்ணி, இந்தப் பேச்சு மட்டும் மாறுவதில்லை. வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கற்ற நாலு எழுத்து இதற்காவது உதவட்டும்.

அண்ணி என்று கூப்பிட்டாலும் நமக்குள் எப்போதும் வா, போ தான். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு வந்த மறுவாரமே நீ என்னோடு டேனரிக்கு வந்துவிட்டாய். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிர் வழிக்கிற வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை நம்மை விடாது. முதலாளி முஸ்லிம் என்பதால் நமக்கு லீவு வெள்ளிக்கிழமை. கோயிலில் உபவாச ஜெபமும் அன்றைக்குத்தான். காலையிலிருந்து மூன்று மணி வரை டீச்சர் வீட்டாரும் கம்பவுண்டர் வீட்டாரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உள்ளே ஜெபிப்பார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி. அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவதற்கு டேனரிப் பெண்களைக் கூப்பிடுவார்கள். அடுப்பும் வெளியே, நாமும் வெளியே. மிஞ்சியது நமக்கு. நாமும் உபவாசம் இருக்கலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. தினமும் ஒரு வேளைக் கூழ் குடிக்கிறவர்களிடம் அதையும் விடு என்று எந்த வாயால் சொல்வார்கள்?

அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பச்சைத் தோலைத் தோளில் சுமக்கிற வேலை அவனுக்கு. கழுத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. வலியே இல்லை, சும்மா இருங்கடி என்று சிரித்தான். அது நடுவில் கரியாய்க் கறுத்து, கழுத்து வீங்கி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்ததும் ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக்கூடாதாம். உன் தம்பியைக் கூட வைத்துக்கொண்டு நம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் நான் கூழ் ஊற்றிக் கொடுத்தேன். நீ தொடவில்லை. இன்றைக்கு நான் உபவாசம், கோயிலுக்குள்ளே போய் அவருக்காக நானே கேட்கப்போகிறேன் என்றாய். உனக்கின்னா பைத்தியமா என்று திட்டினேன். உள்ளே விடமாட்டார்கள் என்று நான் பயப்படவில்லை. விடுவார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு விடுவார்கள். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உன் பாட்டுக்கு நடந்தாய். எனக்கு அன்றைக்குக் கஞ்சி முறை. திட்டிக்கொண்டே கூட வந்தேன்.

தெருமுனையில் பீபி, அதுதான், மேல்விஷாரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அண்ணனைப் பற்றி விசாரித்தாள். வெயில் ஜாஸ்தி, ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள் என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். நீ தலையாட்டி மறுத்தாய். பீபி உன் காய்ந்த உதட்டைப் பார்த்தாள்.

"ரோஜாவா இருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

நோன்புக்கு அவர்கள் சொல்கிற பேர் அது. நீ ஆமாம் என்றதும் அந்தப் பக்கம் திரும்பி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். செம்பை முந்தானையால் மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன், எதற்கு, உன் உடம்பு தாங்குமா என்று ஒரு கேள்வி கிடையாது. வேறு மதத்துக்காரி, அண்ணி. உன்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோயிலில் நீ நேரே உள்ளே போகவில்லை. வேப்ப மரத்தடியில் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாய். கஞ்சி கொதி வருகிற நேரத்துக்கு, உள்ளே ஒவ்வொருவராக எழுந்து தங்கள் விண்ணப்பத்தைச் சொல்லத் தொடங்கியதும், நீ எழுந்து வாசலுக்குப் போனாய். உன்னை முதலில் பார்த்தது ஐயரம்மா, அப்போதிருந்த ஐயரின் மனைவி. அண்ணன் சங்கதி அவருக்குத் தெரியும். கண் கலங்கிவிட்டது. இரக்கமுள்ள மனுஷி, அதில் பொய் சொல்லக்கூடாது. விடுவிடுவென்று அடுப்பிடம் வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றி எடுத்துக்கொண்டு போய் உன் கையில் வைத்துவிட்டார். பசியோடு வந்திருப்பாய், நீ முதலில் குடித்துவிடு, மற்றவர்களுக்கு அப்புறம் கொடுக்கலாம் என்றார். நம் சனம் கோயிலுக்கு வந்தால் கஞ்சிக்குத்தான் வரும் என்பது அந்த நல்ல மனசுக்குள் அப்படி ஊறிப் போயிருந்தது. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

நீ கிண்ணத்தைத் தரையில் வைத்தாய். ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தாய். விரித்திருந்த பாய்களுக்கு நடுவே நடந்துபோய் எல்லாருக்கும் முன்னால் முழங்கால் போட்டாய். இரண்டு பக்கமும் முந்தானைகள் மூக்குக்குப் போயின. ஐயர் உன் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகத்தான் பேசினார். உங்கள் பாடு எங்களுக்குத் தெரியும், எப்போதும் அரை வயிற்றோடு இருக்கிறவர்களிடம் கர்த்தர் உபவாசம் கேட்கவில்லை, நீ போய்க் கஞ்சியைக் குடி, உன் புருஷனுக்காக நாங்கள் உபவாசித்து ஜெபிக்கிறோம் என்றார்.

"அரை வயிறு டேனரி குடுத்தது, ஐயரே. அது பசி. இன்னிக்கு நான் வேணாம்னு வெச்சேன் பாருங்க, அதுதான் உபவாசம். அதை நான்தான் அவரு பாதத்துல வெக்கணும். எனக்குப் பதிலா நீங்க வெக்க முடியாது."

நீ கத்தவில்லை. ஆனால் கடைசிப் பாய் வரைக்கும் கேட்டது. பிறகு நீ ஜெபித்தாய். நம் தெருப் பேச்சிலேயே ஜெபித்தாய். அவரு எனக்கு வேணும், எனக்குக் குடுத்துடு ஆண்டவரே என்று பக்கத்து வீட்டில் ஒரு பொருளைத் திருப்பிக் கேட்கிற மாதிரிக் கேட்டாய். கொஞ்ச நேரத்தில் மூக்கைப் பொத்தியிருந்த கைகளெல்லாம் கீழே இறங்கிவிட்டன. ஐயரும் உன் பக்கத்தில் முழங்கால் போட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அத்தனை பேரும் தீய்ந்த கஞ்சிதான் குடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் போய்விட்டான்.

ஐயரம்மா வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார், கர்த்தருடைய சித்தம் என்றார். நம் தெருவில் சிலபேருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பட்டினி கிடந்து இன்னாத்தைக் கண்டே என்று உன் காதுபடவே கேட்டார்கள். உன் தம்பி எதை எதையோ சொல்லித் தேற்றிப் பார்த்தான். அவன் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கினாய். வெள்ளிக்கிழமை காலையில் அதையும் வேண்டாம் என்றாய்.

எனக்குப் புரியவில்லை, அண்ணி. அண்ணனே போன பிறகு இன்னும் எதற்கு? ஆனால் அன்றைக்கு நானும் கூழைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, உன்னைத் தனியாக விட மனசு வரவில்லை. இரண்டு பேரும் போய் முன்னால் முழங்கால் போட்டோம். விண்ணப்ப நேரம் வந்தது. ஐயர் தயங்கித் தயங்கி உன்னிடம் வந்து, உனக்கு இப்போது என்ன விண்ணப்பம் அம்மா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. போன வாரம் கேக்க வந்தேன். இன்னிக்குக் குடுக்க வந்திருக்கேன். எங்கிட்ட குடுக்க இன்னாதான் இருக்குது, இது ஒண்ணுதானே" என்றாய்.

ஐயர் நம்மைத் தாண்டிப் போய் அடுத்தவரின் விண்ணப்பத்தைக் கேட்டார். அந்தக் கோயிலில் அதற்கப்புறம் நம்மை யாரும் தடுக்கவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. நாமாகப் போனோம். நம்மைப் பார்த்து இன்னும் சில டேனரிப் பெண்கள் உள்ளே வந்தார்கள். கஞ்சி காய்ச்ச ஆள் இல்லாமல் போய் ஐயரம்மாவே கரண்டி பிடித்தார். உப்பு ஜாஸ்தி. நாம் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தோம், வெளியே வந்து சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறியது. அண்ணன் போன பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான்.

வயசாகி நீ படுக்கையில் விழுந்தபோது நானும் உனக்காக உபவாசம் இருந்தேன். உனக்கு இருந்த பெரிய மனசு எனக்குக் கிடையாது. நான் கேட்கத்தான் போனேன். கெஞ்சினேன், அழுதேன், இவளையும் எடுத்துக்கொண்டால் எனக்கு யார் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு, இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று முந்தைய ஐயர் முகத்துக்கு நேரே சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வெறும் வயிற்றோடு அங்கேதான் நின்றேன்.

எனக்குக் கர்த்தர் மேல் கோபம் தீரவில்லை, அண்ணி. உன்னை ஏன் எடுத்தீர் என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கேட்டால் அது வெறும் வாய்ச்சண்டை ஆகிவிடும். இந்த ஐயர் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? வருகிற வெள்ளிக்கிழமை முன்னாலேயே போய் முழங்கால் போடப்போகிறேன். ஐயர் என்னைக் கைத்தாங்கலாக எழுப்ப வரட்டும். எனக்கும் கர்த்தருக்கும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது, அவர் வாய் திறக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கிறதாக இல்லை என்று சொல்லிவிடுவேன்.