வரியில்லாத அரிசி

எல்லைச் சாவடி, வண்டி நிறுத்துமிடம்
இருபத்தோராம் தேதி

என் பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் உன் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. இங்கே பக்கத்து நாட்டு சிக்னலும் எட்டவில்லை, நம் நாட்டு சிக்னலும் எட்டவில்லை. வெங்காயம் ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் இன்று கேட்டைத் தாண்டுகிறார். அவர் தபாலில் போட்டுவிடுவார்.

வந்து ஒன்பது நாளாகிறது. அந்தப் பக்கக் கேட்டில் வெளியே போனதாக முத்திரை குத்திவிட்டார்கள். நம் பக்கத்தில் உள்ளே வந்ததாக இன்னும் குத்தவில்லை. நடுவில் ஒரு சிமெண்டுத் திடல். நாற்பது லாரி, இரண்டு கக்கூஸ், ஒரு குழாய். வண்டியை விட்டுவிட்டு ஆள் மட்டும் வெளியே போக முடியாது. என் அனுமதிப் பாஸ் கவுண்டரில் இருக்கிறது. முதலாளி சொன்னது ஒரே வார்த்தை: "ஒண்ணாந்தேதி வரைக்கும் அசையாத." அன்றிலிருந்து அக்கம்பக்கத்து நாடுகளுக்குள் புது ஒப்பந்தம் நடப்புக்கு வருகிறதாம். என் வண்டியில் இருக்கிற சரக்குக்கு வரியே கிடையாதாம். ஒரு நாள் முன்னால் தாண்டினாலும் வரி கட்ட வேண்டும். நம் கேட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்கின் போர்டு தெரிகிறது. அங்கிருந்து நம் வீடு நான்கு மணி நேரம்.

பக்கத்து வண்டிக்காரர் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். வாய் மூடுவதே இல்லை. அவர் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இருப்பதாலும் பிடிக்கும் போலிருக்கிறது.

உன் அண்ணன் அறுப்பை முடித்துவிட்டாரா? நெல்லை மில்லில் போட்டுவிட்டாரா? முதலாளி ஆபீசில் பதில் கொடு. இந்தப் பக்கம் வருகிற காலி வண்டியில் அனுப்புவார்கள்.

உன்,
பாப்பாவின் அப்பா

*

வீடு
இருபத்தேழாம் தேதி

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பாப்பா அதை நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கக்கூஸ் என்று வருகிற இடத்தில் நான்கு தடவையும் சிரித்தாள்.

அண்ணன் அறுத்து முடித்தாயிற்று. நல்ல விளைச்சல்தான். ஆனால் ஒரு மூட்டைகூட இன்னும் விற்றுப் போகவில்லை. அண்ணன் வீட்டுக் கூரை ஒழுகுவதால் எல்லாவற்றையும் நம் முன்னறையில் அடுக்கியிருக்கிறோம். ஜன்னல் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. லைட் சுவிட்ச் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது. துடைப்பக் கட்டையை விட்டு அழுத்துகிறேன். நாங்கள் நடப்பதெல்லாம் பக்கவாட்டில்தான். பாப்பா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கழுத்தெல்லாம் சொறிந்து சிவந்திருக்கிறது. இரண்டு நாளாகச் சின்னச் சின்ன அந்துப்பூச்சி பறக்கிறது.

அண்ணன் தினமும் மில்லுக்குப் போகிறார். மில்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஒண்ணாந்தேதி போகட்டும்யா, வெளிநாட்டு அரிசி வந்து இறங்கட்டும், அப்புறம் உன் நெல்லப் பாக்கலாம்" என்கிறாராம். அரிசியாகவே வந்து இறங்கும்போது நெல்லை வாங்கி அவித்துக் குத்த அவருக்கு என்ன தலையெழுத்து? எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் கொண்டாட்டம். அவள் தைக்கிற கம்பெனியில் அந்த நாடுகளுக்கு அனுப்ப ஆர்டர் குவிகிறதாம். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தவள்.

நேற்று அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனார். அந்த அரிசியைக் கொண்டு வருகிற லாரியெல்லாம் வழியிலேயே குடைசாயட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை நானே அடித்துக்கொண்டேன்.

ஏங்க, கடிதத்தில் குழாயைக்கூட எண்ணி எழுதியிருக்கிறீர்கள். வண்டியில் என்ன சரக்கு என்று மட்டும் எழுதவில்லை. அண்ணன் கேட்டார். டைல்ஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

நம் ஊர், மில் வாசல்
ஏழாம் தேதி, மத்தியானம்

என் பாப்பாவின் அம்மாவுக்கு,

மேலே எழுதியிருப்பது சரிதான். நம் ஊர் மில்லில்தான் இருக்கிறேன். நம் வீட்டுக்கு மூன்று தெரு. இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் உன் குரலைக் கேட்டால் வண்டியை எடுக்க மாட்டேன். எடுத்தாக வேண்டும்.

சரக்கு டைல்ஸ் இல்லை. உனக்குத் தெரியும்.

ஏற்றும்போதே எழுதியிருக்க வேண்டும். எந்த மில்லுக்கு என்று அப்போது எனக்கே தெரியாது. எங்கோ தூரத்து ஊரில் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு முதலாளிக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன், வேறு டிரைவரை அனுப்புங்கள் என்று. "இறங்குறதுன்னா ஒரேயடியா இறங்கிடச் சொல்லு" என்று பதில் வந்தது. அண்ணன் நெல் விற்காத வரைக்கும் இரண்டு வீட்டு அடுப்பும் என் சம்பளத்தில்தான் எரிகிறது. நான் அரிசி கொண்டுவரக் கொண்டுவர அந்த நெல் நம் முன்னறையை விட்டு நகராது. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெளியே வர வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

ஒண்ணாந்தேதியும் கேட் திறக்கவில்லை. அரிசி அந்த நாட்டில்தான் விளைந்தது என்பதற்கான சான்றிதழ் புதுப் படிவத்தில் வேண்டுமாம். எங்களிடம் இருந்தது பழையது. புதியது வர ஐந்து நாள். நேற்றுத்தான் முத்திரை குத்தினார்கள். கேட்டைத் தாண்டியதும் முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டு நம் ஊர்ப் பெயரைச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். காது கேட்காதா என்று கேட்டார். முதல் தடவையே நன்றாகத்தான் கேட்டது.

காலையில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்க்க ஏறினேன். கீழே சுமைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உன் அண்ணன்.

வீட்டில் மில்காரரைப் பார்க்கப் போவதாகத்தானே சொல்கிறார்? நான்கு நாளாக இங்கே மூட்டை தூக்குகிறாராம்.

என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கொண்டு வரலேன்னா இன்னொருத்தன் கொண்டு வரப் போறான். கயித்த அவிழு மாப்ள, நிக்காத" என்றார். அவருடைய முறை வந்தபோது மூட்டையை நான்தான் முதுகில் ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். "விடு" என்றார். விட்டேன். அறுபது வயதை நெருங்குகிறவர், பலகைமேல் ஒரு தடவைகூட தடுமாறவில்லை. மொத்தம் எத்தனை தூக்கினார் என்று நான் எண்ணவில்லை.

முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியும் கேட்கவில்லை. "தங்கச்சிகிட்ட நான் தூக்குறத சொல்லிடாத" என்று மட்டும் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய கையோடு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் மறுபடி எல்லையில் இருக்க வேண்டுமாம், அடுத்த லோடுக்கு. கணக்குப்பிள்ளை ஹாரன் அடிக்கிறார். வீட்டுக்குப் போய் வர ஒரு மணி நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை என்று எழுத நினைத்தேன். உன்னிடம் இன்னொரு பொய் வேண்டாம். நான் கேட்கவே இல்லை.

இதை உன் கையில் மட்டும் தரச் சொல்லி மில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பாப்பாவிடம் அப்பா இன்னும் எல்லையில்தான் இருக்கிறார் என்று சொல். அவள் நன்றாக இருக்க வேண்டும், படிப்பு வர வேண்டும், கழுத்துக்கு மருந்து வாங்கிப் போடு.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்தால் எங்கே போனீர்கள் என்று கேட்காதே. உனக்குத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. குளிக்கச் சுடுதண்ணீர் வைத்துக் கொடு. ஏன் என்று கேட்டால், பாப்பாவுக்கு வைத்தது மிச்சம் என்று சொல்.

உன்,
பாப்பாவின் அப்பா