அண்ணன் தொட்டுப் பார்த்த தூண்கள்

அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லை, நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியம் என்று சேதி வந்தால் அதில் பாதியாவது தெளியும். பெரிய மாமா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்று அழுதாய், அழாதே, எண்பத்தெட்டு வயது வரை யார் கையையும் எதிர்பார்க்காமல் நடந்த என் அண்ணன், அன்றைக்கும் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்தவர்தான், இதைவிட நல்ல சாவு யாருக்கு வாய்க்கும். இன்ஜினியராகச் சேர்ந்த நாளிலேயே ஆபீஸ் ஜீப்பை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய் போகிற வழியெல்லாம் நடந்தே பார்த்த மனிதர். உன் மாமியை முதன்முதலில் பார்க்கப் போனதும் நடைதான், வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றவரைக் குழாய் ரிப்பேர்க்காரர் என்று நினைத்து மாமி கொல்லைப்பக்கம் கை காட்டினாளாம், இவரும் போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தாராம். ரிட்டயர் ஆன பிறகும் கால் ஓயவில்லை. நம் கடை வரிசைக்குப் பின்னால் நிற்கிற தண்ணீர் டேங்க் அவர் வாலிபத்தில் கட்டியது, தினமும் விடிந்ததும் அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்த்துவிட்டுப் போவார், அதன் பிறகுதான் நாங்கள் ஷட்டரைத் தூக்குவோம். இன்ஜினியரு தடவிட்டாரு, இன்னைக்குப் பொழைச்சோம் என்று டீக்கடைக்காரர் கேலி பேசுவார், அந்தக் கேலியில் எங்கள் எல்லோருக்கும் ஒரு தைரியமும் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அவருக்கு நாலைந்து வருஷமாகவே கண் மங்கிவிட்டதாம், வெளியே தெரிந்தால் நடக்க விடமாட்டீர்கள் என்று அவள் வாயைக் கட்டிவிட்டாராம், வழி பிடிபடாமல்தான் தூணைத் தொட்டுத் தொட்டுச் சுற்றினாராம். அப்படியென்றால் அவர் தூணைச் சோதித்துப் பார்க்கவேயில்லை. மறுநாளே போய் அண்ணாந்து பார்த்தேன், நம் கடைக்கு நேர் பின்னால் உள்ள தூணில், அவர் கை எட்டாத உயரத்தில், சிமெண்ட் உதிர்ந்து கம்பி எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது, ஈரமும் கசிகிறது. குழாயும் கம்பியும் விற்றே தலையெடுத்தவள் நான், துரு எது அழுக்கு எது என்று எனக்குத் தெரியாதா. அண்ணன் வேலை பார்த்த தண்ணீர் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி, ஐயாதான் தினமும் பார்க்கிறாரேன்னு நாங்க மேல ஏறலம்மா என்கிறார். ஆள் அனுப்புகிறேன், தண்ணீரை இறக்கச் சொல்கிறேன் என்றார், யாரும் வரவில்லை, டேங்க் இன்றைக்கும் நிறைந்துதான் நிற்கிறது. கடைக்காரர்களைக் கூட்டிச் சொன்னால், அண்ணன் போன துக்கத்துல அக்காவுக்குப் புத்தி பெரண்டு போச்சு என்கிறார் ஒருவர், பயமுறுத்திக் கடைங்களச் சல்லிசா வளைச்சுப் போடப் பார்க்குது என்கிறார் துணிக்கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை, வேறு சமயமாக இருந்தால் நான் செய்யக்கூடியவள்தான். டீக்கடைக்காரர் பெண்டாட்டி அந்தத் தூணிலேயே சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், எழுந்திருடி என்றால் நிழலா இருக்குக்கா என்கிறாள். லாரி போகும்போதெல்லாம் வெளியே ஓடிப்போய் அந்தத் தூணை அண்ணாந்து பார்க்கிறேன். அண்ணன் மேல் கோபம் வருகிறது, கோபப்பட்டால் அழுகை வந்துவிடுகிறது.

யோசித்துப் பார்த்தேன், என் வாயை நம்பாதவர்கள் என் வியாபாரத்தை நம்புவார்கள். காய்ச்சலில்கூட மூடாத கடையை, நல்ல விற்பனை நேரத்தில், நாளைக் காலை எல்லோரும் பார்க்கக் காலி செய்து சரக்கை வண்டியில் ஏற்றப்போகிறேன். இவள் கிறுக்கியாகவே இருந்தாலும் நஷ்டத்துக்கு ஒப்பமாட்டாளே என்று நாலு பேராவது பின்னால் வருவார்கள். வராவிட்டால் என்ன செய்வேனோ தெரியவில்லை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, நல்ல கண்ணும் காலுமாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. இனிமேல் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு. கடைக்கு மட்டும் அடிக்காதே, மணி கேட்டால் எடுப்பதற்கு யாராவது உள்ளே ஓடுவார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா