காலி உறையும் கால் கிலோ தேத்தூளும்

அன்புள்ள நிரோஷன் அண்ணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல தங்கை பிரேமினி எழுதுவது. கந்தப்பளைக் குளிரில் நாங்கள் மூவரும் சுகம், தோஹா வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா இதைத் தொடங்கச் சொன்னார். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்களாம், எழுத்தில் இருந்தால் இரண்டு தடவையாவது படிப்பீர்களாம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

விஷயம் இதுதான். கொழும்பில் வேலை செய்தபோது, கண் நோய் உள்ள பிள்ளைகளுக்கு உதவும் ஒரு சங்கத்துக்கு அம்மா பெயரில் காசு கொடுத்து, நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு விலாசத்தையும் எழுதி வைத்தீர்களாமே. அவர்கள் போன மாதம் ஒரு பார்சல் அனுப்பினார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கணக்கப்பிள்ளை "காளியாயி, ஒனக்குக் கொழும்புலேர்ந்து சீர் வந்திருக்கு" என்று கூப்பிட்டுக் கொடுத்தாராம். உள்ளே பூப்படம் போட்ட ஆறு வாழ்த்து மட்டைகள், ஒரு நீலப் பேனா, ஒரு கடிதம், அவர்கள் விலாசம் அச்சடித்த ஒரு காலி உறை. மறுநாள் ஆசிரியர் தினம், நான் கடிதத்தைப் படிக்காமலே ஒரு மட்டையை ஜீவராணி டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலைதான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பரிசு இலவசம், விரும்பினால் உதவி அனுப்பலாம் என்று இருந்தது. அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "கேக்காம ஏன் குடுக்கிறாங்க? அப்புடியே திருப்பி அனுப்பிரு" என்றார். ஐந்துதான் மிச்சம் என்றதும், "டீச்சர்கிட்ட போய் வாங்கிட்டு வா" என்றார். கொடுத்த வாழ்த்தை எப்படி அண்ணா திரும்பக் கேட்பது? இரண்டு நாள் டீச்சரைக் கண்டாலே ஒளிந்தேன், மூன்றாம் நாள் அழாத குறையாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, கேட்காமல் வந்த பரிசுக்கு எதுவும் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அம்மா விடவில்லை. "அவங்களுக்குக் கட்டாயமில்ல, எனக்கு இருக்கே. பக்கத்து வீட்டுக் காம்பராவிலேர்ந்து கொழம்பு வந்தா கிண்ணத்த வெறுமனேயா குடுக்கிறோம்? இவங்க கிண்ணத்தையும் சேத்துல்ல அனுப்பியிருக்காங்க" என்று அந்தக் காலி உறையைக் காட்டினார். தோட்டத்தில் கொடுத்த தேத்தூளில் கால் கிலோவை அதற்குள் திணித்தார். "அவங்க காசு கேட்டா நீ தேத்தண்ணி ஊத்துறியே" என்று அப்பா கேலி செய்தார். தபால் கந்தோரில் இருந்த சிங்கள நோனா உறையை அமுக்கிப் பார்த்து, இது கடிதமா தலையணையா என்று கேட்டு, பிறகு அவரே ஒரு சின்னப் பெட்டி தேடித் தந்தார்.

நேற்று பதில் வந்தது. பரிமளம் என்று ஒருவர் கையாலேயே எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் எல்லோரும் குடித்தார்களாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருந்த தாய்மாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்களாம். அந்த வரியை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். ஆனால் கூடவே ஒரு கலண்டர், மூன்று சாவி வளையம், இன்னுமொரு காலி உறை! நமக்கு இருப்பதே ஒரு பூட்டு. "விட்டா அடுத்த மாசம் பொண்ணு கேட்டு வந்துருவாங்க" என்கிறார் அப்பா.

அதனால் நீங்கள் அவர்களுக்கு உடனே எழுத வேண்டும் என்கிறார் அம்மா. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சாமான் அனுப்ப வேணாம் தம்பி, அந்தக் காசுல ஒரு புள்ளைக்குக் கண்ணாடி வாங்கிப் போடட்டும். ஆனா எம் பேர மட்டும் வெட்டிறாதீங்கன்னு சொல்லு. தீவாளிக்கும் பொங்கலுக்கும் அவங்க கேக்காமலே நான் அனுப்புவேன்."

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உச்சி வெயிலில் வெளியே நிற்க வேண்டாம். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்க அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். சங்கத்துக்கு எழுத மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா காளியாயி
(எழுதியவள் பிரேமினி)