வானத்துச் சக்களத்தி

அஸ்தினாபுரம்
7-9-1997

அன்புள்ள உங்களுக்கு,

ரமாவின் நமஸ்காரம். உங்கள் அம்மா சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தண்ணீர் லாரி இந்த வாரம் ஒழுங்காக வந்தது.

ரோமிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அந்த வானத்துக்காரியைப் பற்றித்தான். போன மாதம் வந்த அந்தக் காமாக் கதிர் வெடிப்பு எப்படி மின்னியது, எப்படி மங்கியது, எல்லாம் விலாவாரியாக. கடைசியில் இரண்டே வரி: உடம்பைப் பார்த்துக்கொள், அக்டோபரில் டியூட்டி, பிரசவத்துக்கு வருவது சந்தேகம். படித்ததும் வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைப்பானேன்?

உங்கள் வேலை எனக்கும் கொஞ்சம் புரியும். வானத்தில் எப்போது எங்கே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சில நொடியில் முடிந்துவிடும். முன்பெல்லாம் பெரிய வட்டம் போட்டு இதற்குள் எங்கோ என்பார்களாம். இப்போது செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வதை வைத்து நீங்கள் கணக்குப் போட்டு, சின்ன இடமாகச் சுருக்கி, மிச்ச வெளிச்சம் அணைவதற்குள் மற்ற தொலைநோக்கிகளுக்குச் சொல்ல வேண்டும். காலனியில் யார் கேட்டாலும் பெருமையாகத்தான் சொல்கிறேன். உள்ளே வந்து பாத்திரத்தை டங்கென்று வைக்கிறேன்.

ஜூனில் சீமந்தத்துக்கு வந்தீர்களே, அதை எப்படி மறப்பேன்? ஆலமொட்டை இடித்துத் துணியில் முடிந்தாயிற்று. என் மூக்கில் நீங்கள் சாற்றைப் பிழிய வேண்டிய நேரம். பக்கத்து வீட்டு பாலாம்பாள் மாமி மூச்சிரைக்க ஓடி வந்து, "ரமா, ஒன் ஆத்துக்காரனுக்கு ரோம்லேர்ந்து யாரோ பொண்ணு போன் பண்றாடி" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். நம் வீட்டில் போன் இல்லையென்று மாமி வீட்டு நம்பரைக் கொடுத்து வைத்திருந்தீர்கள். பஞ்சகச்சத்தோடு ஓடினீர்கள். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். சாறு துணியிலேயே காய்ந்துபோய், மறுபடி இடித்தார்கள்.

திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு. வெடித்த இடம் சரியாகக் கிடைத்துவிட்டது என்றீர்கள். கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து நீங்கள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டு சக்களத்தி என்று முடிவு செய்தேன். ஒருத்தி வானத்தில், ஒருத்தி போனில். அந்தப் பெண் உங்களோடு வேலை செய்கிறவள், நல்லவள், கல்யாணமானவள், எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் சந்தோஷத்தை முதலில் கேட்கிறவள் அவள்தானே?

வேலைக்கு வரும் அங்காளம்மாள் நேற்று, "இன்னாம்மா, எங்கியோ வெடிச்சா அதுக்கு ஓடுறாரு, வூட்ல புள்ள பொறக்கச் சொல்ல வர மாட்டாரா?" என்று கேட்டாள். வருவார் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

போன வியாழக்கிழமை தாம்பரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். குழந்தை தலை கீழே திரும்பவில்லையாம். இன்னும் நாள் இருக்கிறது, திரும்பாவிட்டால் ஆபரேஷன் என்றார். உங்கள் அம்மாவிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். உங்களுக்கும் அப்படியே எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. என் அம்மா உயிரோடு இருந்தால் இப்படிக் கெஞ்ச மாட்டேன். பயமாக இருக்கிறது.

தினமும் விளக்கேற்றும்போது, அக்டோபரில் மட்டும் வானத்தில் ஒன்றும் வெடிக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படியே வெடித்தாலும் அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளட்டும், முதல் சந்தோஷமும் அவளுக்கே இருக்கட்டும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்துவிடுங்கள்.

உங்கள்
ரமா