ஜப்பான் போன காலிக் குடம்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? ஒசாகாவில் நான் நலம்.

இந்த மொழிபெயர்ப்பு ஆபீசில் என் வேலையை நிரந்தரமாக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். நம்மூர்த் தேர்தல் பற்றிய இங்கிலீஷ் கட்டுரையில் ‘ஆன்ட்டி-இன்கம்பன்சி’ என்று ஒரு வார்த்தை. பதவியில் இருப்பவர்மேல் ஜனங்களுக்கு வருகிற வெறுப்பு. நான் அதை ஜப்பானியத்தில் முழ நீளத்துக்கு எழுதினேன். “எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்?” என்று மேலாளர் தனாகா சார் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடுப்பில் உன் கதையைச் சொன்னேன். ஓட்டுக் கேட்டு எம்.எல்.ஏ. ஜீப் வந்தபோது தெருவே ஆரத்தித் தட்டோடு நிற்க, நீ மட்டும் காலிக் குடத்தைக் குறுக்கே வைத்தாயே! “அஞ்சு வருசமா கொழாயில காத்துதான் வருது. இன்னா மூஞ்சிய வச்சிக்கினு வந்தீங்க? போதும் சாமி, கெளம்புங்க!” சகுனம் சரியில்லை என்று ஜீப் சின்னசேலம் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போனதையும் சொன்னேன்.

தனாகா சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “போதும் சாமி” என்பதை இங்கே “மோ தகுசான்” என்பார்கள். அதையே போட்டோம். வேலை நிரந்தரம்.

“அப்புறம் தண்ணீர் வந்ததா?” என்றார். புதிதாக ஜெயித்தவர் குழாயோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி என்று எப்படிச் சொல்வது? “வந்தது” என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குடத்தை அவர் பார்க்க வேண்டுமாம். லாரித் தண்ணீரையாவது நிரப்பிப் படம் எடுத்து அனுப்பு. நீயும் பக்கத்தில் நில். முகம் நன்றாகத் தெரியட்டும். அது எனக்கு.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்
இலக்கியா