வீடியோ எடுத்தது எதுக்குன்னா

மாமா, நைட் ஷிப்ட் முடிச்சி தூங்குறியேன்னு எழுப்பல. மகிழினிய கூட்டிகினு பெரம்பூர் டாக்டராண்ட போறேன். நீ அடம்னே சொல்லிகினு இரு. நாலு வயசுப் புள்ள தலைய செவுத்துல இடிச்சிக்கிறது அடமில்ல. இன்னான்னு தெரிஞ்சிக்கினுதான் வருவேன்.

நேத்து சாயங்காலம் அவ இடிச்சிக்கினப்போ, தூக்காம வீடியோ எடுத்தேன்னு என்ன கல்நெஞ்சக்காரின்னு சொல்லிட்ட. வூட்ல நடக்குறத எடுத்துகினு வரச் சொன்னதே டாக்டருதான்.

சோறும் கருவாட்டுக் கொழம்பும் அடுப்பாண்ட கீது. வெளிய போனா சாவிய எதுத்த வூட்டு தாயம்மாக்காவாண்ட குடு.

கை வீங்கியிருந்தா தைலம் தடவு. காலைல அந்த வீடியோவ மறுபடி பாத்தேன். அவ தலைக்கும் செவுத்துக்கும் நடுவுல உன் கைதான் கீது. டாக்டரு கேட்டா, அது அவ அப்பா கைன்னு சொல்லுவேன்.