தண்ணி வேண்டாம், சார்

செப்டம்பர் 8, திங்கள்

அறிவிப்புப் பலகையில் என் பெயர்! தொழிற்சாலையின் அவசரகாலக் குழு, மொத்தம் ஐந்து பேர். ஐந்தாவது: தனலெட்சுமி, பேக்கிங் பிரிவு. இந்தக் குழுவில் இதற்கு முன் பெண்ணே கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு ஹெல்மெட், முகக் கவசம், தீ தாங்கும் அங்கி. பூட்ஸ் மட்டும் இரண்டு அளவு பெரிது. இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு பேக்கிங் பிரிவை மூன்று முறை சுற்றி வந்தேன். தேவையே இல்லை, சும்மாதான்.

"அக்கா, நிலாவுல நடக்குற மாதிரியே இருக்கு லா," என்றான் குகன். கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவன், ஆறடி ஆள், அவனும் குழுவில் இருக்கிறான்.

வீட்டில் வாசுவிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், லேசில் அசர மாட்டார்.

"நெருப்புன்னா முதல்ல வெளிய ஓடுறவளே நீதானே?"

"இனிமே உள்ள ஓடணும்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

பயிற்சி. சொல்லிக்கொடுத்தவள் எங்கள் பாதுகாப்பு அதிகாரி ரேஷ்மா. கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், வேலை விசாவில் மலேசியா வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நாங்கள் லோரி என்றால் அவள் லாரி என்கிறாள். போகட்டும்.

நாங்கள் மெக்னீசியத்தில் கார் பாகங்கள் செய்கிறோம். கடையும்போது சுருள் சுருளாகச் சீவல் விழும். பதினோரு வருஷமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் சாப்பிடப் போகிறேன். இன்று ரேஷ்மா அதில் ஒரு சிட்டிகை எடுத்து இரும்புத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். ஐயோ, என்ன வெளிச்சம்! கறுப்புக் கண்ணாடி போட்டும் கண் கூசியது. தடுப்புக்குப் பின்னால் நின்று நீளக் குழாயால் நாலே சொட்டுத் தண்ணீர் விட்டாள். படார்! எல்லோரும் குனிந்தோம். முதலில் தலை தூக்கி, "இன்னொரு வாட்டி!" என்று கத்தியது நான்.

எரிகிற மெக்னீசியம் தண்ணீரையே பிளந்து அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமாம். மிச்சம் ஹைட்ரஜன். அது வெடிக்கும். கரியமில வாயு சிலிண்டரும் ஆகாது, நுரையும் ஆகாது. சுத்தமாக உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்றே இருக்கும் தூளோதான். அதையும் வீசி அடிக்கக் கூடாது, சீவல் பறந்து தீ பரவும்.

பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறக்கக் கொஞ்சம் யோசித்தேன். பைத்தியம்.

அக்டோபர் 9, வியாழன்

அணைச்சிட்டோம். அணைச்சிட்டோம். அணைச்சிட்டோம்!

சரி. ஒழுங்காக எழுதுகிறேன்.

மதியம் மூன்றேகால். வெளியே பேய்மழை. நான் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். சுவரெல்லாம் திடீரென்று வெள்ளையானது. மின்னல் என்று நினைத்தேன். மின்னல் என்றால் அணைய வேண்டுமே? இது அணையவில்லை. நாலாம் நம்பர் இயந்திரத்துக்கு அடியில் சீவல் குவியலில் பொறி விழுந்து பற்றியிருக்கிறது.

குழுத் தலைவர் விடுப்பு, ரேஷ்மா வெளியூர். மற்ற இரண்டு பேர் வேறு ஷிப்ட். குகனும் நானும்தான். மற்றவர்களை வெளியே விரட்டினோம். எரிகிற குவியலுக்கு நாலடி தள்ளி ஆறு தொட்டி நிறையச் சீவல், லோரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பயிற்சிப் பக்கமே வராத தயாரிப்பு மேலாளர் ராதாகிருஷ்ணன் சார் மாடியிலிருந்து ஓடி வந்தார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? தண்ணி அடிங்க! தண்ணி!"

குகன் ஹோஸை இழுத்தேவிட்டான். பாவம், சார் சொன்னால் செய்துதான் அவனுக்குப் பழக்கம். பயிற்சியெல்லாம் அந்த ஒரு குரலில் போய்விட்டது.

நான் ஓடிப்போய் ஹோஸுக்குத் தண்ணீர் விடும் வால்வை மூடினேன். மூடிவிட்டு அந்தச் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி வேண்டாம், சார்."

"நகரு!"

"வெடிக்கும், சார். முன்னாடி நிக்கிறது குகன். அவன்தான் போவான்."

அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "தொடாதீங்க!" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாக என்றால், எனக்கே காது அடைத்தது. அவர் கையை எடுத்துவிட்டார். குகனும் ஹோஸைக் கீழே போட்டான்.

பிறகு எல்லாம் வேகம். குகன் தள்ளுவண்டியில் ஆறு தொட்டியையும் ஒவ்வொன்றாகத் தூர நகர்த்தினான். நான் தூள் சிலிண்டரால் சீவல் பறக்காமல் மெல்லத் தெளித்தேன். பாதிக் குவியல் மூடியதும் தீர்ந்துபோனது. மணல் டிரம்முக்கு ஓடினேன். மூடியைக் காணவில்லை. மேலே கூரையிலிருந்து மழை ஒழுகிக்கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், ஈரம். ஈர மணலைப் போட்டால் தண்ணீர் அடித்த கணக்குத்தான். அந்த நிமிஷம் — அழுதுடலாம்னு தோணுச்சு. நிஜமா.

அப்போதுதான் அடுத்த கட்டடம் ஞாபகம் வந்தது. மெக்னீசியம் உருக்கும் இடத்தில், உருகிய உலோகம் பற்றிக்கொள்ளாமலிருக்க மேலே ஒரு உப்புத்தூள் தூவுவார்கள். பிளாஸ்டிக்கில் சீல் வைத்த மூட்டை. உலர்ந்த தூள்!

"குகா! உருக்குற பக்கம் உப்பு மூட்டை! நனையாம கொண்டு வாடா!"

தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டை, மேலே தார்ப்பாய் போர்த்தி மழையில் ஓடி வந்தான். நீளப் பிடி மண்வெட்டியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போனேன். வெள்ளை ஆரஞ்சானது. ஆரஞ்சு சாம்பலானது. அப்புறம் வெறும் உப்பு மேடு.

போம்பா வண்டி வந்தது. தீயணைப்பு அதிகாரி வெப்பம் காட்டும் கேமராவால் மேட்டைப் பார்த்துவிட்டு, நாளைவரை யாரும் தொடக் கூடாது என்றார். யார் செய்தது என்று மலாயில் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "பாகுஸ், காக்!" என்றார். நல்லா செஞ்சீங்க அக்கா என்று சீருடை போட்ட ஒருவர் என்னிடம் சொன்னார்!

மாமாக் டீக்கடையில் குகனும் நானும் ஆளுக்கு மூன்று தே தாரிக் குடித்தோம். "அக்கா, வால்வைப் போய்க் கட்டிப் பிடிச்சீங்களே!" என்றான். சிரித்தோம், சிரித்தோம், கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் அவன் கொஞ்ச நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

இடது புருவம் பாதி கருகிவிட்டது, முகக் கவசத்தைச் சரியாக இறக்கவில்லை போல. கண்ணாடியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நானே கண்ணடித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பிரிக்ஃபீல்ட்ஸில் தீபாவளிக் கூட்டம். பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒரு புடவை எடுத்தேன். பார்த்தாலே சத்தம் போடுகிற நிறம். "இது யாரு கட்டுறதுக்கு?" என்றார் வாசு. "நெருப்பை அணைச்சவ கட்டுறதுக்கு" என்றேன். கடைக்காரப் பெண்ணிடமும் முழுக் கதையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆன்டியிடமும். வாசு பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

விளக்கம் கேட்டுக் கடிதம். எனக்கு!

மேலதிகாரியின் உத்தரவை மீறியது. தீயணைப்புத் தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்தியது. கீழே ராதாகிருஷ்ணன் சார் கையெழுத்து. விசாரணை 28-ஆம் தேதி. தலைமை அலுவலகம் அவரைக் கேட்டிருக்கும், அவர் என்னைக் காட்டிவிட்டார்.

பயமா இருக்கு. வேலை போயிடுமா? பதினோரு வருஷம். ஆனா நான் என்ன தப்பு செஞ்சேன்? மூடாம விட்டிருந்தா?

வாசு: "மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் குடுத்துடு லா. முடிஞ்சுது."

மடித்துவைத்த துணியையே மறுபடி மடித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அந்தப் புடவைதான் கட்டினேன். காலையில் குகன் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வந்தான். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே வாசுவிடம் சொன்னான்: "அண்ணே, அந்த ஹோஸ் என் கையில இருந்துச்சு. அக்கா வால்வை மூடலைன்னா இன்னைக்கு இவங்க மூணு பேரும் நான் இல்லாமத்தான் தீபாவளி."

அவர்கள் போன பிறகு வாசு தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "மன்னிப்பு மட்டும் கேட்டுடாதே," என்றார்.

அவ்வளவுதான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர், ராதாகிருஷ்ணன் சார், நான். பேசி ஜெயிக்க எனக்கு வராது. "ஐந்து நிமிஷம் வெளியே வாங்க" என்று மட்டும் கேட்டேன். ரேஷ்மா தயாராக நின்றாள். இந்தத் தடவை ஒரு கைப்பிடிச் சீவல். எல்லோரும் தடுப்புக்குப் பின்னால். நீளக் குழாயில் அரை டம்ளர் தண்ணீர்.

இடி மாதிரி கேட்டது. இரும்புத் தட்டு எகிறிக் கவிழ்ந்தது. வந்தவர்களில் ஒருவர் இன்னொருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன்.

ராதாகிருஷ்ணன் சார் மட்டும் நகரவில்லை. "அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று ரேஷ்மாவைக் கேட்டார்.

"எரிஞ்சது ஒரு நாப்பது கிலோ இருக்கும், சார். பக்கத்துல ஆறு தொட்டி."

சுவரோரம் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். திரும்பி வந்து, "கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன், தனம்" என்றார். நான் கொடுத்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வீடுவரை நடந்தே வந்தேன். பாதி தூரம் ஓட்டம். இந்த வயதில்.

நவம்பர் 12, புதன்

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை. அவர்களும் மெக்னீசியம்தான் கடைகிறார்கள். அனுபவத்தைச் சொல்ல ஒரு ஆள் கேட்டிருந்தார்களாம். ராதாகிருஷ்ணன் சார் தன் காரிலேயே என்னைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினார்.

முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அறிமுகப்படுத்த அவரே எழுந்தார். முதலில் மலாயில், பிறகு தமிழில்.

"இவங்க தனலெட்சுமி. எங்க இடத்துல தீப்பிடிச்சப்ப தண்ணி அடிக்கச் சொன்னது நான். இவங்க விடலை. விட்டிருந்தா ஒருத்தர் செத்திருப்பாரு. அதுக்கு நான் இவங்களுக்குக் கடிதம் வேற கொடுத்தேன்."

இதைச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் எழுந்தேன். அவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, பேனா மூடியைத் திறந்தார்.